கம்பைலருக்கும் ஒரு விசாரணை

ராத்தா ஒரு கம்பைலரைத் தெரிந்தெடுத்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான், எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் எவ்வளவு அசட்டையாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. எங்கள் பகுதியில் அது லேசான காரியம் அல்ல. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கே வந்து குடியிருக்கிற வழக்கம் எங்களுடையது. ஆள் சரியில்லை என்றால் குடும்பம் முழுவதும் காலமெல்லாம் அவர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். ஆகவே அவர் தொழுகிற பள்ளிவாசல், வேலை செய்கிற இடம், பால்ய காலத்துக் கூட்டாளிகள் என்று ஓர் இடம் விடாமல் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். அப்படி விசாரித்துப் பழுத்தவர்கள்கூட ராத்தாவிடம் வந்து பாடம் கேட்க வேண்டும்.

ராத்தா என்றால் அக்கா. அப்படிச் சொன்னாலும் அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அங்கே 'ராத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தது, பிறகு மாறவே இல்லை. பெயரை எழுதலாம். எழுதினால், "என்னைக் கேட்டியா புள்ள?" என்று வட்ஸப்பில் கேள்வி வரும். அவரிடம் கேட்காமல் எதையும் செய்ய முடியாது. கேட்டாலும் உடனே பதில் வராது. விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்.

படித்து முடித்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்து சாய்ந்தமருதில் அவர் உம்மாவின் வீட்டு முன்னறையில் ஒரு சின்ன வேலைத்தளம் தொடங்கினோம். பள்ளிவாசல்களில் தொங்கும் மணிக்கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பலகையில் சிவப்பு எழுத்தில் ஐந்து வேளைத் தொழுகையின் நேரமும் மின்னிக்கொண்டிருக்கும். பாங்கு சொல்கிற நேரம் வந்தால் 'பீப்' என்று சத்தம் போடும். அந்த மணிக்கூடுகளை நாங்கள் செய்தோம். ஈயம் உருக்கி ஒட்டுவது, பலகை பூட்டுவது, பள்ளிவாசல் நிர்வாகத்தாரோடு வாய் கிழியக் கதைப்பது எல்லாம் என் வேலை. உள்ளே இருக்கிற விரல் நகமளவு சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது ராத்தாவின் வேலை.

கம்பைலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் சி என்ற கணினி மொழியில் எழுதுகிறோம். சிப்புக்கு அந்த மொழி தெரியாது. நாங்கள் எழுதியதைச் சிப்பின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிற மொழிபெயர்ப்பாளர்தான் கம்பைலர். அதுவும் ஒரு புரோகிராம்தான். ஒன்றல்ல, பல இருக்கின்றன. சும்மா கிடைக்கிறதும் உண்டு, தலையை அடகு வைத்தாலும் வாங்க முடியாத விலையில் இருப்பதும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியைப் பிழையாக மாற்றினால் நாம் எழுதியது எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. மணிக்கூடு பொய் சொல்லும். மற்ற மணிக்கூடு பொய் சொன்னால் பஸ் தவறும். எங்கள் மணிக்கூடு பொய் சொன்னால் ஓர் ஊரின் தொழுகை தவறும். நோன்பு காலம் என்றால் கேட்கவே வேண்டாம். சூரியன் மறையுமுன் பாங்கு சொல்லிவிட்டால், அன்று காலையில் இருந்து பசித்துக் கிடந்த அத்தனை பேரின் நோன்பும் வீண்.

இது ராத்தாவுக்குத் தூக்கத்திலும் நினைவிருக்கும். எனக்கு ஈயம் உருகும் வரைக்கும் நினைவிருக்கும்.

நான் தொழில் தொடங்கின கிழமையே எல்லாரும் பாவிக்கிற ஒரு கம்பைலரை லப்டொப்பில் இறக்கிவிட்டேன். ராத்தா பார்த்தார். "ஆரு சொன்ன இது நல்லம் எண்டு?" என்று கேட்டார்.

"எல்லாரும் சொல்றாங்க ராத்தா. அஞ்சு நட்சத்திரம் போட்டிரிக்காங்க."

"நட்சத்திரம் போட்டவன் அவன்ட கூட்டாளி. அவனோட கோவிச்சித்துப் போனவன் ஆரெண்டு பாரு. அவனிட்டத்தான் கேக்கணும்."

பிறகு அவர் செய்தது அதைத்தான். ஒவ்வொரு கம்பைலரையும் புகழ்ந்து எழுதின பக்கங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. திட்டி எழுதின பக்கங்களைத் தேடித் தேடி வாசித்தார். ரஷ்யாவில் ஒருவர், பிரேசிலில் ஒருவர் என்று முகம் தெரியாத மனிதர்கள் தங்கள் மோட்டார் ஓடாத கதையையும் விளக்கு அணையாத கதையையும் அழுது எழுதியிருந்தார்கள். ராத்தா அவர்களுக்குக் கடிதம் போட்டு, "பிழை கம்பைலரிலா, உங்களிலா?" என்று கேட்டார். ரஷ்யாக்காரர் பாவம், பிழை தன்னில்தான் என்று ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். அன்று முழுவதும் ராத்தாவுக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, மனிசன் நேர்மையான ஆளு" என்று அவரைப் பற்றி மச்சானிடமும் உம்மாவிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். உம்மா, "ஆரு புள்ள அது, மாப்பிள்ளையா?" என்று கேட்டார்.

கடைசியில் அவர் பிடித்த கம்பைலர் எது தெரியுமா? இருக்கிறதிலேயே நீளமான குறைப் பட்டியல் உள்ளதை. அதைச் செய்தவர்கள் தங்கள் சாமானில் இன்னின்ன பிழை இருக்கிறது, இன்னின்ன இடத்தில் கவனம் என்று தாங்களே வெளியில் எழுதிப் போட்டிருந்தார்கள். எனக்கு விளங்கவில்லை. "இவ்வளவு குறையோட ஒண்ட எடுப்பாங்களா?" என்றேன்.

"மத்ததுகள்ளயும் குறை இரிக்கி புள்ள. அவங்க சொல்லல்ல, இவங்க சொல்லிரிக்காங்க. குறையே இல்லண்டு வாற மாப்பிள்ளைக்கு நான் கதவே திறக்கமாட்டன்."

அதோடு விட்டாரா? அந்தக் கம்பைலரிடம் ஒரு சின்னப் புரோகிராமைக் கொடுத்து, அது மாற்றிக் கொடுத்த சிப்பின் பாஷையை வரிவரியாக வாசித்தார். அது மனிதர் வாசிக்கிற எழுத்தல்ல. குத்துமதிப்பாகச் சொன்னால், நெல்லு மில்லுக்குள் போய் ஒவ்வொரு அரிசியாக எண்ணுகிற வேலை. பிறகு அதே புரோகிராமை இரண்டு விதமாக மாற்றச் சொன்னார். ஒரு தரம் "சொன்னதைச் சொன்னபடி மாற்று" என்று. மற்றத் தரம் "உன் புத்தியைப் பாவித்துச் சுருக்கி மாற்று" என்று. கம்பைலர்களுக்கு அந்த இரண்டு குணமும் உண்டு. இரண்டிலும் மணிக்கூடு ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தார். பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி மாற்றுகிற குணத்தையே வைத்துக்கொண்டார்.

"கெட்டிக்காரன் எண்டா, நமக்குச் சொல்லாம ஏதாச்சும் செய்வான்" என்பது அவர் கொள்கை.

இடையில் ஒரு நாள் அவருடைய மாமா மகன் கல்முனையில் இருந்து பெரிய வெற்றியோடு வந்தான். வெளிநாட்டுக் கம்பனிகள் பாவிக்கிற, விலை கேட்டாலே மயக்கம் வருகிற ஒரு கம்பைலரைப் பூட்டு உடைத்துப் பென்டிரைவில் கொண்டு வந்திருந்தான். "சும்மா எடுங்க மச்சி, உங்கட தொழிலுக்கு என்ட ஹதியா" என்றான்.

ராத்தா பென்டிரைவைத் தொடவும் இல்லை. "களவெடுத்த கம்பைலர்ல பள்ளிவாசல் மணிக்கூடாடா செய்யச் சொல்ற?" என்றார்.

"அத ஆரு பாக்கப் போறா?"

"அல்லாஹ் பாப்பான். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். பூட்டு உடைச்சவன் உள்ளுக்க வேற என்னத்த உடைச்சானெண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிற? அவனுக்கு வாப்பா உம்மா பேரு இரிக்கா?"

அவன் அன்று குடித்த தேத்தண்ணீருக்கு இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் கொடுத்து அனுப்பினார். ஆளைக் கோபிக்கமாட்டார், சாமானைத்தான் நம்பமாட்டார்.

மச்சான் என்று சொன்னேனே, அவர் ராத்தாவின் தங்கையின் கணவர். எங்கள் வழக்கப்படி அந்த வீட்டிலேயே இருந்தார். ஓட்டோ ஓடுவார். என்னையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ராத்தா மேல் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. தங்கைக்கு அவரைப் பேசின காலத்தில், பெரியவர்கள் எல்லாரும் பள்ளிவாசலிலும் உறவுக்காரரிடமும் விசாரித்து முடித்துத் திருப்தியாகி, சம்மதத்துக்கு அடையாளமாக வட்டிலப்பம் அனுப்பத் தயாராகிவிட்டார்கள். ராத்தா மட்டும் விளையாட்டு மைதானத்துக்கு ஆள் அனுப்பினார். மென்பந்துக் கிரிக்கட்டில் அம்பயராக நிற்கும் மனிதரிடம் ஒரேயொரு கேள்வி. "அவுட் குடுத்தா இவரு என்ன செய்வாரு?"

அம்பயர் யோசித்துச் சொன்னாராம். "போவாரு. ஆனா போகக்குள்ள ஒருக்கா கிறுகித் திரும்பி ஒரு பார்வை பாப்பாரு."

"அது போதும், கலியாணத்த முடிங்க" என்றாராம் ராத்தா.

இன்று வரைக்கும் மச்சான் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "என்ட வாப்பா பெரிய மனிசன், என்ட மௌலவி பெரிய மனிசன். அவங்க சொன்னதெல்லாம் எடுபடல்ல. அந்த அம்பயர் சொன்னதுதான் எடுபட்டிச்சி. அவன் எனக்கு எத்தின பிழையான அவுட் தந்தவன் தெரியுமா?" ராத்தா சிரிப்பார். அந்தச் சிரிப்பில் வருத்தம் ஒரு சொட்டும் இருக்காது.

ராத்தாவும் பிற்பாடு கலியாணம் முடித்தார். இப்போது கணவரோடு கட்டாரில் இருக்கிறார். அங்கேயும் ஏதோ இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறார். தன் மாப்பிள்ளையை எப்படி விசாரித்தார் என்று பல தடவை கேட்டுவிட்டேன். சொல்கிறாரில்லை. அந்த மனிதரிடமும் கேட்டேன். அவரும் சொல்கிறாரில்லை. ஏதோ கடுமையாகத்தான் நடந்திருக்கிறது.

அவரோடு வேலை செய்வது லேசாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பொய் சொல்லக்கூடாது. ஒரு மணிக்கூடு முடிந்து, பெட்டியில் போட்டு, நூலால் கட்டி, ஆள் வந்து வாசலில் நிற்கும்போது, "பொறு புள்ள, ஒருக்கா பாத்தித்துத் தாறன்" என்பார். அந்த ஒருக்கா பொழுதுபட்டாலும் முடியாது. நான் வந்தவரைக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ கொடுத்து, ஊர்க்கதை, உலகக்கதை, பிறகு அவர் வீட்டு மாட்டின் கதை வரைக்கும் கேட்டு முடித்திருப்பேன். எரிச்சல் வரும். ஆனால் திரும்பி வந்த மணிக்கூடு என்று எங்களுக்கு ஒன்றுகூட இருக்கவில்லை. அந்தப் பெருமையில் எரிச்சல் அடங்கிவிடும்.

இனி அந்த நோன்பு மாதத்துக்கு வருகிறேன்.

சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல். அதன் நிர்வாகத்தில் இருந்த ஒரு ஹாஜியார், மௌத்தாகி மறைந்துவிட்ட தன் வாப்பாவின் பெயரில் பள்ளிக்கு ஒரு மணிக்கூடு கொடுக்க ஆசைப்பட்டு எங்களிடம் வந்தார். நெல்லுக் காணியும் மில்லும் உள்ள மனிதர். அவர் பள்ளியில் தொங்கினால் சுற்றியுள்ள பள்ளிகள் எல்லாம் அதைப் பார்க்கும், ஒவ்வொன்றாக எங்களைத் தேடி வரும் என்று நான் மனக்கோட்டை கட்டினேன். ஹாஜியாருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கீழே எழுத்து ஓட வேண்டும். வாப்பாவின் பெயரும், அவருக்காகத் துஆச் செய்யும்படி ஒரு வரியும், நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் என்பதும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எழுத்தை ஓட வைத்தால் புரோகிராம் பெருத்துவிட்டது. சிப்பின் வயிறு சின்னது. ராத்தாவின் அருமைக் கம்பைலர், சொன்னதைச் சொன்னபடி மாற்றும்போது எல்லாவற்றையும் நீட்டி முழக்கித்தான் மாற்றும். அதைச் சுருக்கச் சொன்னாலும் சிப்புக்குள் அடங்கவில்லை. பெரிய சிப்பு கொழும்பில் இருந்து வர வேண்டும். நோன்புக்கு முன்னால் வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அதே கம்பைலரின் புதிய பதிப்பு வெளியாகியிருந்தது. சுருக்குவதில் அது மகா கெட்டிக்காரன் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

"ராத்தா, புதுசப் போட்டுப் பாப்பம். உங்கட ஆளுட தம்பிதானே" என்றேன்.

அவர் கனக்க யோசித்தார். பிறகு தன் கொள்கையைத் தளர்த்தி, புதியதை அதன் புத்தியைப் பாவித்துச் சுருக்கச் சொன்னார். புரோகிராம் சுருங்கி, சிப்புக்குள் அழகாக அடங்கியது. ராத்தா மணிக்கூட்டை வேகமாக ஓட வைத்து, ஒரு வருடத்தின் எல்லா நாட்களையும் அதற்குக் காட்டி, உலமாக்கள் அச்சிட்ட தொழுகை நேரக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மச்சானின் ஓட்டோவில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்தோம். ஹாஜியார் தன் வாப்பாவின் பெயர் சிவப்பெழுத்தில் ஓடுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சந்தோசம்.

மற்றவர்களுக்கு அத்தோடு அந்த வேலை முடிந்திருக்கும். ராத்தாவுக்கு அப்போதுதான் தொடங்கியது. புதிய கம்பைலர் மாற்றிக் கொடுத்ததை அவர் இன்னும் வரிவரியாக வாசிக்கவில்லை. நோன்பு நாட்களில் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வீடே உறங்கிக் கிடக்கும். நானும் வேலைத்தளத்துப் பாயில் சுருண்டுவிடுவேன். அவர் மட்டும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து லப்டொப்பின் முன்னால் குந்திவிடுவார்.

சில நோன்புகள் போயிருக்கும். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், ராத்தா திரையில் விரலை வைத்தபடி அசையாமல் இருக்கிறார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ராத்தா, தலை சுத்துதா?"

"ரெண்டாம் வாசிப்பு இல்ல புள்ள" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. நீங்களும் கேளுங்கள், சிரமமில்லை.

மணிக்கூட்டுப் புரோகிராம் முதலில் நிமிடத்தைப் பார்க்கும், பிறகு மணியைப் பார்க்கும். ஐந்து ஐம்பத்தொன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்தைப் பார்த்து ஐம்பத்தொன்பது என்று எடுத்துவிட்டது. அது மணியைப் பார்ப்பதற்குள், கண்மூடித் திறக்கிற அந்த இடைவெளியில், நேரம் ஆறாகிவிட்டது என்றால்? மணி ஆறு, நிமிடம் ஐம்பத்தொன்பது. ஆறு ஐம்பத்தொன்பது என்று மணிக்கூடு நினைக்கும். நோன்பு திறக்கிற மஃரிபு நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்று எண்ணிச் சத்தம் போடும். வெளியே சூரியன் இன்னும் மறைந்திருக்காது. இது எப்போதாவது, ஆயிரத்தில் ஒரு நாள் நடக்கிற விபத்து. ராத்தா அதைத் தெரிந்துதான் நேரத்தை இரண்டு தரம் வாசித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் நம்பு என்று எழுதியிருந்தார். புதிய கம்பைலர் அதைப் பார்த்து, இப்போதுதானே வாசித்தோம், அதையே ஏன் திரும்ப வாசிக்க வேண்டும் என்று இரண்டாம் வாசிப்பை வெட்டி எறிந்துவிட்டது.

"பாத்தீங்களா, கெட்டிக்காரனை நம்பக்கூடா எண்டு நீங்க சொன்னது மெய்தான்" என்றேன். புதுசைப் போடச் சொன்னதே நான்தான் என்பதை அந்த நேரம் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

"அதிட பிழ இல்ல புள்ள. என்ட பிழ."

இது பார்க்காத நேரத்திலும் மாறக்கூடிய சாமான், ஒவ்வொரு தரமும் புதிதாகப் பார் என்று கம்பைலருக்குச் சொல்வதற்குச் சி மொழியில் ஒரு சொல் இருக்கிறது. வொலட்டைல் என்பார்கள். அந்தச் சொல்லை ராத்தா அந்த இடத்தில் எழுத மறந்திருந்தார். பழைய கம்பைலர் மந்தமான ஆள் என்பதால் இரண்டு தரமும் வாசித்து, அவர் பிழையை இத்தனை காலமும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"உலகத்துல எல்லாரையும் விசாரிச்சன்" என்றார். "என்னைத்தான் நான் விசாரிக்கல்ல."

தொலைபேசியில் ஹாஜியாரைப் பிடிக்க முடியவில்லை. நோன்புக் கஞ்சி பங்கிடுகிற நேரம், ஆர் போனை எடுப்பார்? மச்சானை எழுப்பினோம். ஓட்டோ கடைத்தெருச் சனத்துக்குள்ளால் புகுந்து, காரைதீவுச் சந்தியில் திரும்பி, வயல்களுக்கு நடுவால் சம்மாந்துறை வீதியில் பறந்தது. முன்னால் ஒரு உழவு இயந்திரம் பெட்டி நிறைய வைக்கோலோடு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. மச்சான் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்தார். ராத்தா நகத்தைக் கடித்துக்கொண்டு மேற்கே சூரியனையே பார்த்தபடி வந்தார்.

நான் மெல்லச் சொன்னேன். "ராத்தா, புதுக் கம்பைலர்ல ஒரு பிழ எண்டு சொல்லுவம். ஆருக்கு விளங்கப் போகுது? நம்மட பேரு கெட்டுரும். ஹாஜியார்ட வாப்பாட பேருல வெச்ச சாமான்."

"அது என்ன பிழ செஞ்சிச்சி? மாறுற சாமான, மாறும் எண்டு நான் சொல்லல்ல. அது என்னை நம்பிச்சி."

மச்சான் வைக்கோல் பெட்டியை ஒருவாறு முந்தினார்.

பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக்கு வந்த சனம் வாளியோடும் போத்தலோடும் நின்றது. ஹாஜியார் அகப்பையோடு கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். ராத்தா சுற்றி வளைக்கவில்லை. அத்தனை பேருக்கும் கேட்க, "ஹாஜியார், மணிக்கூட்டுல பிழ இரிக்கி. நான் செஞ்ச பிழ. இப்பவே கழட்டணும்" என்றார்.

ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "சும்மா கதைக்காதீங்க புள்ள. நல்லாத்தானே ஓடுது. ஒரு நாளும் பிழைக்கல்லியே?"

"எனக்குத் தெரியா ஹாஜியார். பிழைச்சிரிக்கலாம். இனிப் பிழைக்கவும் ஏலும்."

"சனத்துக்கு முன்னுக்கு எங்கட வாப்பாட பேரக் கழட்டச் சொல்றீங்களா?"

"ஓம்" என்றார் ராத்தா.

மச்சான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய் ஏணி வைத்து மின்கம்பியைப் பிடுங்கினார். ஓடிக்கொண்டிருந்த பெயர் பாதியில் அணைந்தது. அப்போதுதான் ஹாஜியாருக்கு அந்த மற்ற யோசனை வந்தது. அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப புள்ள, இவ்வளவு நாளும் பிடிச்ச நோன்பு?"

வழி நெடுகிலும் ராத்தாவின் நெஞ்சை அழுத்திய கேள்வி அது. வாளி வைத்திருந்த ஒரு மனிசி, "யா அல்லாஹ்" என்றார். அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் வெயிலில் காய்ந்து பிடித்த நோன்பு. வயலில் நின்று பிடித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ராத்தாவைப் பார்த்தார்கள்.

ராத்தா, பாங்கு சொல்கிற மோதினார் யார் என்று கேட்டார். பள்ளியோடு ஒட்டி போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கடை வைத்திருக்கிற ஒரு வாலிபர் முன்னால் வந்தார். நல்ல தடித்த ஆள், இரண்டு கையிலும் இரண்டு போன்.

"தம்பி, இந்த நாள்கள்ல எப்பயாச்சும் மணிக்கூடு நேரத்துக்கு முந்திக் கத்தினதா? நீங்க நேரத்துக்கு முந்திப் பாங்கு சொன்னதா? மெய்யச் சொல்லுங்க" என்று ராத்தா கேட்டார்.

அவர் ஹாஜியாரை ஒரு பார்வை பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சிராதீங்க ராத்தா. மணிக்கூடு அழகுதான். ஆனா அதப் பாத்து நான் ஒரு நாளும் பாங்கு சொன்னல்ல."

"என்ன?" என்றார் ஹாஜியார்.

"புது மணிக்கூடுதானே ஹாஜியார். ஆரு செஞ்ச, எப்புடி எண்டு எனக்கென்ன தெரியும்? ஒரு நோன்பு மாசம் போகட்டும், பாத்தித்து நம்புவம் எண்டு இருந்தன். அது கத்தினா அது கத்தும். நான் கலண்டரப் பாத்து, போனப் பாத்து, மறுகா வெளிய வந்து மேற்கையும் ஒருக்கா பாத்தித்துத்தான் மைக்க பிடிக்கிற."

"எங்கட வாப்பாட பேருல வெச்ச மணிக்கூட்ட நீ பாக்கவே இல்லியா!" என்று ஹாஜியார் சத்தம் போட்டார். முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். ஹாஜியாரும் முறைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

ராத்தா சிரிக்கவில்லை. தன் வேலையை நம்பாத அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இன்னொரு தரம் சொல்லப் போனவர் அழுதுவிட்டார். எல்லாருக்கும் முன்னால், குழந்தை மாதிரி. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

வெயில் இறங்கியது. அந்தக் கஞ்சி மனிசி எங்கள் இருவரையும் பெண்கள் இருக்கும் பக்கம் கூட்டிப் போய்ப் பாயில் இருத்தினார். மோதினார் முற்றத்துக்கு வந்து மேற்கே பார்ப்பது அங்கிருந்து தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழும்பியது.

எங்களுக்கு முன்னால் பேரீச்சம்பழத் தட்டு வந்தது. ராத்தா கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவோம் என்று நான் என் போனை எடுத்து நேரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் போட்டார்.